மூன்றாவது வளைவில் நிற்காத வண்டி

அன்புமணிக்கு இருந்த ஒரே அவமானம் டிராக்டர்தான். அஞ்செட்டிக்கு அப்பால் மலைமேல் இருக்கும் மாமனார் ஊருக்கு அவனுடைய பழைய கார் ஒருமுறைகூடச் சொந்தக் காலில் ஏறியதில்லை. மூன்றாவது வளைவில் மூச்சு முட்டி நின்றுவிடும். மாமனார் ராஜப்பன் டிராக்டரில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கயிறு கட்டி, ஊர் பார்க்க இழுத்துப்போவார். 'கட்டி இழுத்துக்கினு வந்த மாப்ள' என்றுதான் அங்கே அவனுக்குப் பெயர்.

ஓசூரில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் அலுமினிய இன்ஜின் உருப்படிகளின் பிசிறை அராவித் தள்ளுவது அவன் வேலை. நாளெல்லாம் ஊரார் இன்ஜினுக்கு உழைக்கிறவன் தன் இன்ஜினுக்கு என்ன செய்தான் என்று திடீரென ரோஷம் வந்து, இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தான். புகை வெளியேறும் துளைகளில், வால்வை ஒட்டி, வார்ப்பில் விட்டுப்போன மேடு அப்படியே இருந்தது. தயாரான நாளிலிருந்து புகை அதில் முட்டிக்கொண்டுதான் வெளியே போயிருக்கிறது. பழைய புகை போனால்தானே புதுக் காற்று உள்ளே வரும்?

மூன்று ஞாயிறு கிரைண்டரோடு உட்கார்ந்தான். துளையைப் பெரிதாக்கவில்லை, மேட்டை மட்டும் கரைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் பாதை. கொஞ்சம் ஆசைப்பட்டால் ஓட்டை விழுந்து, ஹெட் காயலான் கடைக்குத்தான். அதனால் அடிக்கடி நிறுத்தி விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"என் காதுல பூச்சி பூந்தப்பகூட இவ்ளோ பதமா பாக்கல நீங்க," என்றாள் மனைவி பொற்கொடி.

நான்காவது ஞாயிறு கிளம்பினார்கள். மூன்றாவது வளைவில் ராஜப்பன் வழக்கம்போல டிராக்டரும் தோளில் கயிறுமாக நின்றிருந்தார். கார் நிற்கவில்லை. சத்தம்கூட மாறாமல் அவரைத் தாண்டி ஏறியது. அன்புமணி ஹாரன் வேறு அடித்தான். கல்யாணத்தன்றுகூட அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. பொற்கொடி பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

ராஜப்பன் முக்கால் மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார்.

"வண்டி நிக்கலீங்களா?"

"நிக்கல மாமா."

"அப்பிடியா," என்று கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். பச்சை நைலான் கயிறு. கடை லேபிள் இன்னும் ஒட்டியிருந்தது.

"பழசு நைஞ்சுபோச்சுன்னு போன வாரந்தான் வாங்கியாந்தாரு," என்றாள் பொற்கொடி, அவர் கைகழுவப் போனதும். "நம்மள இழுத்துக்கினு வர்றப்பதான் எங்கப்பா பாட்டு பாடுவாரு. டிராக்டர் சத்தத்துல, பின்னாடி கார்ல இருக்கிற உங்களுக்குக் கேக்காது, அவரு பக்கத்துல ஒக்காந்து வர்ற எனக்குக் கேக்கும்."

அன்று கோழிக்குழம்பு. ராஜப்பன் தலை நிமிராமல் சாப்பிட்டார். அன்புமணி ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஜெயித்தவனுக்கு எதற்கு இந்தக் கஷ்டம் என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

சாயங்காலம் திரும்பி இறங்கும்போது, அதே வளைவில் காரை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தான். போனை எடுத்தான்.

"மாமா, வண்டி நின்னுடுச்சு."



"எறக்கத்துலயா?"

"ஆமா மாமா."

"எங்கயும் போவாதீங்க," என்றார் ராஜப்பன். "தோ, வந்துட்டேன்."