பேட்டரி வேண்டாத வாட்ச்

“அதைக் கழட்டாதே!” என்று அண்ணன் போட்ட அதட்டலில் அவள் கை பாதியில் நின்றது. சுவரோரமாகக் கிடந்த அப்பாவின் இடது கையை நோக்கி அப்போதுதான் குனிந்திருந்தாள்.

“அப்பா அதோடதான் போகணும்.”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் அவன் உடனே ஆரம்பித்துவிட்டான். வந்ததிலிருந்து இது ஐந்தாவது தடவை.

“பாருங்க சித்தப்பா. அப்பா மூச்சு நின்ன அதே நேரம் வாட்ச்சும் நின்னிருக்கு. ஒன்பது நாப்பது. நான் ஆசையா வாங்கிக் கொடுத்தது.”

“பாசம்டா.” சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். “அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாரேன்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு என்ன தெரியும்? கை அசைந்தால் ஓடும், அசையாவிட்டால் நிற்கும். அந்தப் பாழாய்ப்போன வாட்ச்சுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்பா முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். யார் வாட்ச்சைப் பார்த்தாலும் ரேடியோ மணியோடு ஒத்துப் பார்த்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து, அதன் வண்டவாளத்தைச் சொல்லிவிடுவார். போன மாதம் அண்ணன் புது வாட்ச்சோடு வந்து நின்றபோதும் விடவில்லை.

“இந்த மாதிரி வாட்ச் ஒரு நாளைக்குப் பத்து செகண்ட் முந்தும்டா. என்னுது மாசத்துக்கே பதினஞ்சுதான். இதை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சுத் துடைச்சு எண்ணெய் போடணும். அந்தக் காசுக்கு என்னுது மாதிரி பத்து வாங்கலாம். எனக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி. ஒரு டீ, ஒரு பன்னு விலை.”

“அந்த பேட்டரியும்தான் தீர்ந்து கிடக்கே,” என்று அண்ணன் சிரித்தான். “இதுக்கு பேட்டரியே வேணாம்ப்பா. கட்டினா போதும், அது பாட்டுக்கு ஓடும்.”

இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்தவரின் கையில் கட்டிவிட்டுப் போனான். நடமாடுகிறவன் கட்ட வேண்டிய வாட்ச் அது. அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

தினமும் காலையில் ஹால் கடிகாரத்தைப் பார்த்து அவள் மணி சொல்வாள். கட்டிலிலிருந்து அது தெரியாது. அப்பா முள்ளைத் திருப்பி வைத்து, அவ்வப்போது கையை ஆட்டிக்கொள்வார். “நிக்குதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதே. ஆசையா கொடுத்தான்” என்பார்.

இரண்டு நாளாகக் காய்ச்சல். கையைத் தூக்கவே தெம்பில்லை. இன்று காலை ஐந்தரைக்கு அவளே அந்தக் கையை ஆட்டி வாட்ச்சை ஓடவிட்டு, முள்ளைத் திருப்பி வைத்து, பத்து மணி மாத்திரையை டப்பாவில் போட்டுக் கட்டிலருகே வைத்துவிட்டு, பேக்கரி ஷிஃப்டுக்குப் போனாள். ஒன்றரைக்கு வந்தபோது டப்பாவில் மாத்திரை அப்படியே இருந்தது. அப்பாவின் நெற்றி குளிர்ந்திருந்தது.

டாக்டர் வலது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணி வாக்கில் போயிருக்கும் என்றார். டப்பாவைத் திறந்து காட்டினாள். “ஒரு வேளை மாத்திரை தவறினதுல உயிர் போகாதும்மா” என்றார். அவள் நம்பவில்லை.

நான்கு மணிக்கு வேன் வந்தது. கூட வந்த இரண்டு ஆட்களிடமும் அண்ணன் ஆரம்பித்தான். “அப்பா மூச்சு நின்ன அதே நேரம்…”

“போதும், நிறுத்து!” அவள் கத்தியதில் வீடே அதிர்ந்தது. “ஒன்பது நாப்பதுக்கு வாட்ச் நின்னுச்சு. டாக்டர் பன்னெண்டுங்கிறார். நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல அப்பா என்ன பண்ணிக்கிட்டிருந்தார்? சொல்லு.”

அண்ணன் பார்வை வாட்ச்சுக்குப் போனது.

“பத்து ஆகட்டும், மாத்திரை போட்டுக்கலாம்னு உன் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தார்!”

“சாவு வீட்டுல என்னம்மா இது,” என்றார் சித்தப்பா.

ஆட்கள் போர்வையோடு சேர்த்து அப்பாவைத் தூக்கினார்கள். இடது கை நழுவி வெளியே விழுந்து இரண்டு ஆட்டம் ஆடியது. விநாடி முள் கிளம்பிவிட்டது.

“டேய், ஓடுதுடா!” சித்தப்பா வாயைப் பிளந்தார்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். கடையில் விசாரித்து வாங்கியவன் அவன். ஏன் ஓடுகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“நீ கட்டிவிட்ட நாள்லேருந்து.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னுட்டார். உன் மனசு நோகக்கூடாதாம்.”

அவன் முகம் கோணியது. “அந்தப் பழசுக்கு ஒரு பேட்டரி போட்டிருக்கக் கூடாதா நீ? ஒரு பேட்டரி!”

வாட்ச் கடை, பேக்கரியிலிருந்து திரும்பும் வழியில்தான் இருக்கிறது. ஒரு மாதமாக அவள் அதைத் தாண்டித்தான் வந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று. அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. தன்னையும்தான்.

அண்ணன் குனிந்து, அப்பாவின் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றினான்.

வேனில் இருவரும் அப்பாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணன் முழங்கால்மேல் உள்ளங்கையை விரித்து, வாட்ச்சை அதன்மேல் வைத்திருந்தான். விரல்கூட அசையவில்லை. சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொன்றிலும் வண்டி இறங்கி ஏறும்போது அவன் கை குலுங்கியது. அது நின்றுவிடட்டும் என்பதுபோல இன்னொரு கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முள் ஓடிக்கொண்டிருந்தது.