மருதங்குளம் சந்தியில் கோச்சி நின்ற நாள்

மருதங்குளம் சந்தி என்றால் ஒரு மேடை, ஒரு தகரக் கொட்டகை, திருகோணமலைப் பாதையிலிருந்து பிரியும் ஒற்றைத் தண்டவாளம். துறைமுகத்துக்குக் கல் ஏற்ற வெள்ளைக்காரன் போட்ட கிளைப்பாதை அது. சுதந்திரத்துக்குப் பிறகு கல் வேலை நின்றது. ஒரு மைல் தள்ளிக் குளக்கரையில் இருக்கும் வாடிவீடு என்ற விடுதிக்கு விடுமுறைக்கு வருகிறவர்களால்தான் சந்தி பிழைத்துக் கிடந்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் கிளைப்பாதையைத் தாங்கிய மண் அணையை அரித்தது. பாதை வேலைக் கங்காணி பக்கீரும் அவனுடைய ஆறு ஆட்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஐந்து நாள் கல் அடுக்கினார்கள். ஆறாம் நாள் விடுமுறைக்காரர்களை ஏற்றிய கோச்சி வந்து சந்தியில் நின்றது. அதில் வந்த ரயில்வே இன்ஸ்பெக்டர் பக்கீரிடம் ஒரு கடதாசியை நீட்டினார்.

"பாதை சரி எண்டு கையெழுத்துப் போடு. இண்டைக்கும் ஆக்கள் போகாட்டில் இந்தக் கிளையை மூடச் சொல்லி எழுதுவன்."

மூடினால் ஏழு பேரும் ஏழு திசை. பக்கீர் அலவாங்குக் கம்பியை அணையில் குத்தினான். முழங்கை நீளம் இறங்கியது.

"ஏலாது ஐயா. எஞ்சின் ஏறினா குளத்துக்க கிடக்கும்."

"அப்ப மூடவோ?" என்றார் ஸ்டேசன் மாஸ்டர் குணரத்தினம், பக்கீரைப் பார்த்து. அவருக்கும் வேறு இடம் இல்லை.

"கோச்சிதான் போகாது. ஆக்கள் போகலாம்."

தண்டவாளத்தில் தள்ளிப்போகும், பாதை வேலைக்கான டிரொலியைக் கொண்டுவந்தார்கள். கிழவர்களும் பிள்ளைகளும் பெட்டி படுக்கையும் அதில். மற்றவர்கள் நடை. வெள்ளைக் காற்சட்டைக்காரர் ஒருவர் முணுமுணுத்தார்.

"துரைக்கு ரெண்டு கால் இரிக்கிதானே," என்றான் பக்கீரின் ஆள் ஜெமீல், டிரொலியைத் தள்ளிக்கொண்டே.

ஆறு தரம் போய் வந்தார்கள். ஏழாம் தரம் பக்கீர் இன்ஸ்பெக்டரிடம், "நீங்களும் ஏறுங்கோ ஐயா," என்றான்.

அரித்த இடத்தில் தண்டவாளத்தின் கீழிருந்த சிலிப்பர் கட்டை இரண்டு விரல் அமிழ்ந்து எழும்பியது. அணையிலிருந்து சேறு பிதுங்கித் தண்ணீரில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் டிரொலியின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். தள்ளிய ஏழு பேரும் வெறுங்காலால் அந்தக் கட்டைகளையே மிதித்து வந்தார்கள்.

வாடிவீட்டு வாசலில் இறங்கியதும் அவர் கடதாசியை எடுத்தார்.

"எத்தனை நாள் வேணும்?"

"நாலு."

"ரெண்டு நாளிலை முடிக்கேலாதோ?"

"நாலு எண்டனான் ஐயா."

நாலு என்று எழுதினார். கீழே கையெழுத்தும் வைத்தார். பக்கீரின் ஆட்கள் டிரொலியைத் திருப்பி, கல் ஏற்றப் புறப்பட்டுவிட்டார்கள்.