இழுத்துப் பார்க்கும் பூட்டுக்காரர்

பூட்டுக்காரரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைப் பூட்டினாலும் இழுத்துப் பார்ப்பார். ஒரு தடவை இழுத்தால் மனசு ஆறாது. படியிறங்கித் தெருமுனை வரை போய்விட்டு, எதையோ மறந்தவர் மாதிரி திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். ஊரில் பாதிக் கதவுகளுக்குப் பூட்டுப் போட்ட மனிதர், தான் போட்ட பூட்டையே நம்பமாட்டார். "நீங்க இழுக்கற இழுப்புல ஒரு நாள் கதவு கையோட வந்துடும்" என்று அவர் மனைவி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவள் விட்ட இடத்திலிருந்து மகள் சொல்ல ஆரம்பித்தாள். பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

அன்று காலை அவர் பொது நீச்சல் குளத்தில் இருந்தார். அங்கே உடை மாற்றும் அறையில் வரிசையாக இரும்பு அலமாரிகள். ஈரத்தில் பூட்டுகள் துருப்பிடித்துக் கொஞ்ச நாளாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தன. நியாயமாக எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். இவர் ஒரு தடவைக்கு ஒன்று என்று நிதானமாகச் சரி செய்துகொண்டிருந்தார். காரணம் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். நாம் சொல்லிவிடலாம். காரணம், அங்கே நீச்சல் சொல்லிக் கொடுக்கும் அம்மாள்.

அந்த அம்மாளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் குளத்துக்கு வரும் வாண்டுகள் எல்லாம் விசிலம்மா என்றுதான் கூப்பிடும். பூட்டுக்காரர் வீட்டில் பேசும்போதும் அதே பெயர்தான். விசிலம்மா அன்று நேராக வந்து அலமாரி பக்கத்தில் நின்றார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. மிச்ச காலத்த நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டினா என்ன? முறையா கல்யாணம் பண்ணிக்கலாம்னுதான் சொல்றேன்."

எந்தப் பூட்டையும் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கிற பூட்டுக்காரருக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி அலமாரிக்கு அடியில் உருண்டு போனது. அதை எடுக்கிற சாக்கில் குனிந்தவர், குனிந்தபடியே சொன்னார்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க."

"வீட்ல யாரு?"

"என் மக."

"கேக்க வேண்டியதுதான். நாளைக்குக் காலை வகுப்பு முடிஞ்சதும் வந்து சொல்லுங்க. இல்லன்னு சொல்றதா இருந்தாலும் நேர்ல வந்து சொல்லணும். எழுந்திரிங்க, ஸ்க்ரூ டிரைவர் உங்க கைக்கு வந்து ரொம்ப நேரமாச்சு."

பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கி, சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தார். எதிரே வந்த நாய்க்கு வழிவிட்டு வணக்கம் வைத்தார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கால் தரையில் பட்டது. மகளிடம் எப்படிச் சொல்வது?

அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்புறம் இவருக்கு அவள், அவளுக்கு இவர். 'அதுக்குள்ள அம்மாவ மறந்துட்டீங்களா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது? அவள் முகம் கொஞ்சம் வாடினாலும் போதும், நாளைக்கு விசிலம்மாவிடம் இல்லை என்று சொல்லிவிடுவதாக வழியிலேயே முடிவு கட்டியிருந்தார்.

கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. மகள் எலும்பு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறவள். சாயங்காலம் வந்ததும் மறுநாள் யாருக்கு என்ன பயிற்சி என்று அதில்தான் தேடி எடுப்பாள். மதிய நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. பூட்டுக்காரர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'மகளிடம் மறுமணம் பற்றி எப்படிப் பேசுவது.'

யாரோ ஒரு புண்ணியவான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், காபி குடிக்கும்போது பேசுங்கள், தயங்காதீர்கள். இரண்டு தடவை படித்தார். இன்னொரு தடவை படிக்கலாம் என்று தேடும் கட்டத்தில் 'மக' என்று ஆரம்பித்ததும், மீதியைக் கம்ப்யூட்டரே எழுதிக் காட்டியது. இவருக்குக் காட்டியதை மகளுக்குக் காட்டாமல் இருக்குமா?

அவருடைய பூட்டுக்கடைக்குப் பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் ஒருவர் இருந்தார். பூட்டுக்காரர் அங்கே ஓடினார்.

"தம்பி, நாம தேடினதெல்லாம் கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சிருக்காமே. அத எப்படி அழிக்கறது? ஒரு கஸ்டமர் கேட்டார்."

ரிப்பேர்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பூட்டுக்கடையில வந்து இதக் கேட்டாரா?"

"அவர் ஒரு மாதிரி ஆளு."

"ஹிஸ்டரின்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல அழிக்கலாம். முழுசா வேணும்னா ஃபைலயே தூக்கணும். அது மறைஞ்சிருக்கும். மறைச்ச ஃபைலையும் காட்டுன்னு ஒரு டிக் போட்டா, மங்கலா ஒரு ஃபோல்டர் தெரியும். அதுக்குள்ள போய் ஹிஸ்டரிங்கற ஃபைல மட்டும் அழிக்கணும். வேற எதுலயும் கை வச்சுடாதீங்க."

"நானா? கஸ்டமர்தான்."

"கஸ்டமரையும் கை வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார் ரிப்பேர்காரர்.

வீட்டுக்கு வந்து டிக் போட்டார். அதுவரை ஒன்றுமில்லாத இடத்தில் பனியில் நிற்கிற ஆள் மாதிரி ஒரு ஃபோல்டர் மங்கலாக எழுந்து வந்தது. இத்தனை வருஷமாகக் கூடத்து மேஜையில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் இப்படி ஒரு கள்ள அறையா? அவருக்குப் பயம் போய்க் குஷி வந்துவிட்டது. கதவுக்குள் கதவாக இறங்கி ஹிஸ்டரி ஃபைலைப் பிடித்தார். அழி என்றார். அது அழிய மறுத்தது. பிரவுசர் திறந்திருக்கிறது, முதலில் அதை மூடு என்றது. அட, உள்பக்கம் சாவி கிடந்தால் வெளிச்சாவி நுழையாதே, அதே கதைதான். பிரவுசரை மூடினார். அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். நாற்காலியிலேயே ஒரு ஆட்டம் ஆடினார்.

அதோடு எழுந்து போயிருந்தால் கதையே இல்லை. பூட்டியதை இழுத்துப் பார்க்க வேண்டாமா?

பிரவுசரைத் திறந்து, 'மகளிடம் மறுமணம் பற்றி எப்படிப் பேசுவது' என்று முழுசாக அடித்து எண்டர் தட்டினார். பட்டியல் வந்தது. முன்பு அவர் படித்த கட்டுரையின் தலைப்பு, படித்ததன் அடையாளமாக ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. இப்போது புத்தம் புதிதாக நீலத்தில் இருந்தது. உச்சி குளிர்ந்தது. சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, பழக்கதோஷம், திரும்பி வந்து இன்னொரு இழுப்பு இழுத்தார். 'மக' என்றதும் மீதி தானாக வந்து நின்றது.

பூட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துடைத்து வைத்த இடத்தில் மறுபடி எப்படி வந்தது? மறுபடி கள்ள அறைக்குள் இறங்கினார், அழித்தார், வெளியே வந்தார், இழுத்துப் பார்த்தார். நீலம். இன்னொரு தடவை இழுத்தார். வந்துவிட்டது. கம்ப்யூட்டரின் மேல் தப்பே இல்லை. இழுத்துப் பார்க்க அதையே மறுபடி தேடுகிற ஒவ்வொரு தடவையும் இவரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

ஒருவழியாக எல்லாம் வெறுமையானதும் வேறு ஒரு கவலை பிடித்தது. பழைய கதவில் ஒரு கீறல்கூட இல்லாத பூட்டு தொங்கினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெருவே நிமிர்ந்து பார்க்கும். நாலு கீறல் வேண்டும். சும்மா எதையாவது தேடி வைத்தார். பூட்டுக்கு எந்த எண்ணெய் நல்லது. தக்காளிச் செடி ஏன் வாடுகிறது. மூன்றாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நெருப்புக்கோழி முட்டை எவ்வளவு நேரம் வேக வேண்டும். அப்புறம் மனசு எங்கே இருந்ததோ விரலும் அங்கே போய்விட்டது. ஐம்பத்தாறு வயதுக்காரர் தண்ணீரில் மிதப்பாரா. விசில் அடிப்பது எப்படி. அதைப் படித்துவிட்டு உதட்டைக் குவித்து ஊதிக்கூடப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

கடைசியாக ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். எண்டர் தட்டவும் வாசலில் மகளின் சாவி திரும்பவும் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஓரத்து நாற்காலிக்குத் தாவி, கையில் கிடைத்த சாவியை அரத்தால் ராவ ஆரம்பித்தார். அது அவர் வீட்டு அலமாரிச் சாவி.

"என்னப்பா, இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க?"

"குளத்துல வேலை முடிஞ்சுதும்மா."

"அங்க வேலை முடியவும் செய்யுமா?" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"நெருப்புக்கோழி முட்டை எதுக்குப்பா?"

"பொது அறிவு."

"ஐம்பத்தாறு வயசுக்காரர் மிதப்பாரான்னு கேட்டது?"

"அதுவும் பொது அறிவுதான்."

"ஓ" என்றாள். மவுஸ் நகர்ந்தது. எதையோ திறந்தாள். அப்புறம் அவள் அசையவில்லை. பூட்டுக்காரர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள். விசிலம்மாவிடம் என்ன வார்த்தை சொல்லி மறுப்பது என்று அந்த நிமிஷமே தேட ஆரம்பித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் என்னவோ தட்டினாள். முகத்தைக் காட்டாமல் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"கம்ப்யூட்டர மூடலப்பா. காபி போடறேன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

அவர் மெல்ல வந்து உட்கார்ந்தார். அழித்தது அழிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பது? 'மகளிடம் மறு' என்று அடித்தார். கட்டத்துக்குக் கீழே முதலாவதாக ஒரு வரி வந்து விழுந்தது. அது அவர் எழுதியது இல்லை.

'மகளிடம் மறுமணம் பற்றிப் பேச வேண்டாம்...'

அவ்வளவுதான் தெரிந்தது. அதற்கு மேல் கட்டத்தில் இடம் இல்லை. ஆனாலும் ஒரு கதவு பாதி திறந்திருந்தால் மீதியைத் தள்ளாமல் அவரால் இருக்க முடியாது. வரியின் மேல் அழுத்தினார். அது முழு நீளத்துக்கு மேலே போய் உட்கார்ந்தது.

'மகளிடம் மறுமணம் பற்றிப் பேச வேண்டாம் அப்பா மகளுக்குத் தெரியும் அந்த விசிலம்மாவிடம் போய்ச் சரி என்று சொல்லுங்கள் அம்மா இருந்தால் அவளும் இதைத்தான் சொல்லுவாள் நெருப்புக்கோழி முட்டையை நான் வேக வைத்துக்கொள்கிறேன்.'

பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். படித்துவிட்டுத் துடைத்தார். விசிலம்மா விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? விசில் அடிப்பது எப்படி என்று தேடி வைத்தால் யாருக்குத்தான் தெரியாது? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது சிரித்துத்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. கை தன்னால் அழிக்கும் இடத்துக்குப் போய், வேண்டாம் என்று திரும்பி வந்தது. பிரவுசரை மூடினார். மறுபடி திறந்தார். 'மகளிடம் மறு' என்று அடித்தார். இருந்தது. மூடினார். எழுந்து வாசல் வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை அடித்தார்.

மகள் காபியோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"இன்னும் எத்தனை தடவைப்பா இழுத்துப் பாப்பீங்க?"

"இது பூட்டியிருக்கான்னு பாக்கலம்மா" என்றார் பூட்டுக்காரர். "திறந்திருக்கான்னு பாத்தேன்."