வாசலில் நின்றுவிடும் படை

கணினியின் படை தலைநகரைச் சுற்றி வளைத்திருந்தது. உள்ளே மிச்சமிருந்த காவலர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மதிலில் ஒரு வண்டி தாராளமாக நுழைகிற அளவுக்கு உடைப்பு. ஒரே ஓர் அடி எடுத்து வைத்தால் கணினிக்கு வெற்றி. ஆனால் அந்த அடியை அது எடுத்து வைக்கவில்லை. ஆடும் முறை மறுபடி அதற்கு வந்தபோதும் வைக்கவில்லை. முறைக்கு ஓர் அம்பு விட்டதோடு சரி, மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல அத்தனை சிப்பாய்களும் மதிலோரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"பாரு எதிரி, உன் ஆளு மறுபடியும் சிலையாயிட்டான்," என்றான் ஓட்டை, நாற்காலியில் சாய்ந்தபடி.

எதிரி என்று அவளைக் கூப்பிடுவதில் பகை ஏதும் இல்லை. அந்த வீட்டின் முன்னறையில் நடந்த விளையாட்டு நிறுவனத்தில் மொத்தமே நான்கு பேர். அவளுடைய அண்ணன்தான் முதலாளி. மலை, ஆறு, மதில், சிப்பாய் எல்லாம் வரைவது அண்ணி. அண்ணனின் நண்பன் நாள் முழுக்க ஆடி ஆடிக் குறைகளைத் தேடிப் பிடிப்பான், அதனால் ஓட்டை. ஆடுகிறவருக்கு எதிராகக் கணினி எப்படி யோசிக்க வேண்டும் என்று எழுதுவது அவள் வேலை, அதனால் எதிரி. "எதிரி சாப்பிட்டாச்சா?" என்று அண்ணி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதைக் கேட்டு, கூரியர் கொண்டுவந்தவர் ஒருமுறை திகைத்துப்போய் வாசலிலேயே பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவளுக்குத் தன் எதிரியைப் பற்றி ஒரு பெருமை உண்டு. பல போர் விளையாட்டுகளில் கணினி கள்ளாட்டம் ஆடும். ஆடுகிறவருக்குத் தெரியாமல் அதற்கு இரண்டு மடங்கு பொன் வரும். படை இன்னும் போகாத இடங்களை வரைபடத்தில் மறைத்திருக்கும் மூடுபனிக்கு அப்பால் நமக்குத் தெரியாதது அதற்கு மட்டும் தெரியும். 'மிகக் கடினம்' என்று அந்த நிலைக்குப் பெயர் வைத்திருப்பார்கள். உண்மையில் எதிராளிக்கு மூளை வளர்ந்திருக்காது, பை மட்டும் வீங்கியிருக்கும். அவளுடையது அப்படியில்லை. நமக்கு என்ன தெரியுமோ அதுதான் அதற்கும் தெரியும். நமக்கு எத்தனை சிப்பாயோ அத்தனைதான் அதற்கும். அதை வைத்துக்கொண்டே அது ஜெயிக்கும். ஜெயித்துக்கொண்டும் இருந்தது, தலைநகரின் வாசல் வரைக்கும்.

"இப்ப நான் என்ன பண்றேன் பாரு," என்று ஓட்டை வரைபடத்தின் வேறொரு மூலைக்குப் போனான். அங்கே நிதானமாக ஆள் சேர்த்தான். பனி மறைத்ததால் கணினிக்கு அது தெரியவில்லை. சேர்ந்த படையைக் கூட்டிவந்து, மதிலோரம் நின்றிருந்தவர்களை முதுகுப் பக்கமாக அடித்தான். கணினி தோற்றது.

"இதை ஒருத்தன் கண்டுபிடிச்சு நெட்டுல போட்டான்னா போதும், ஊரே இப்படித்தான் ஆடும். தலைநகரைத் திறந்து விடு, சுத்தி நிக்கட்டும், நீ போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வா."

சனிக்கிழமை மத்தியானம் அது. திங்கட்கிழமை ஆட்டம் வெளியாகிறது. அண்ணன் உள்ளே வந்து திரையைப் பார்த்தான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே. எல்லாரும் செய்யறதை நாமளும் செய்வோம். அதுக்கு ரெண்டு மடங்கு சிப்பாய் கொடு."

"வேணாம்னா. அது சரியா இருக்காது."

"சரியா இருக்கா இல்லையான்னு போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்."

போட்டுப் பார்த்தார்கள். கணினியின் படை இரண்டு மடங்கு வேகமாக வந்தது. தலைநகரை இரண்டு வரிசையாகச் சுற்றி வளைத்தது. நின்றது.

"முன்னாடி சும்மா நின்னாங்க," என்றாள் அண்ணி எட்டிப் பார்த்து. "இப்ப நெரிசல் வேற."

ஓட்டை சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் குரலைத் தாழ்த்திப் பேசினால் முடிவெடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

"இங்க பாரும்மா. அரைகுறையா விட்டா மொத்த ஆட்டத்துக்கும் கெட்ட பேரு. சாயங்காலம் வரைக்கும் பாரு. சரியாகலைன்னா கணினியை எடுத்துடலாம். ரெண்டு பேர் எதிரெதிரா ஆடற ஆட்டம்னு மட்டும் வெளியிடுவோம்."

"அப்ப நான் செஞ்சது?"

"அடுத்த ஆட்டத்துல பார்த்துக்கலாம்."

எடுத்ததை எந்த அடுத்த ஆட்டத்திலும் திரும்ப வைக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவள் வாதாடவில்லை. "சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்றாள். அது நம்பிக்கையாகச் சொன்னதுதான். கணினிக்குக் கிறுக்கு, பிடிவாதம், திமிர் எதுவும் கிடையாது. அது ஒன்றைச் செய்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு; அந்தக் காரணத்தை எழுதியது அவள்தான். எழுதியவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

முதலில் அது பயப்படுகிறதோ என்று பார்த்தாள். சிப்பாய்களை இழப்பதை அது எவ்வளவு பெரிதாக நினைக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு வைத்திருந்தாள். அதைக் குறைத்தாள். கணினி ஆவேசமாக மலைக்கோட்டைகளில் போய் மோதியது. தலைநகர் வாசலுக்கு வந்ததும் பழையபடி நின்றது. அடுத்து, தொலைநோக்கு போதவில்லையோ என்று இன்னும் கூடுதலான முறைகளை முன்கூட்டியே யோசிக்க வைத்தாள். இன்னும் நிம்மதியாக நின்றது.

ஒன்று மட்டும் உறுத்தியது. வழியில் இருந்த சின்னக் கோட்டைகள் எதன் முன்னாலும் அது நின்றதே இல்லை. கண்ட உடனே பிடித்தது. தலைநகரிடம் மட்டும் என்ன தயக்கம்?

திரையைப் பார்த்துப் பயனில்லை என்று எழுந்தாள். அண்ணி வரைந்த வரைபடத்தின் அச்சுப்பிரதி ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். தையல் டப்பாவைக் கவிழ்த்துப் பொத்தான்களைப் பிரித்தாள். கறுப்பு தன் படை, வெள்ளை காவலர்.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன். நான்தான் கணினி. நீங்க தலைநகரைக் காப்பாத்துங்க."

"கணினி வேலையையும் நீயே பார்க்கறியா? கரண்ட் மிச்சம்," என்று அண்ணி எதிரே உட்கார்ந்தாள்.

அவள் தனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். சொந்த புத்தியை உபயோகிக்கக் கூடாது. தான் எழுதிக் கொடுத்ததை மட்டும், எழுதியபடியே செய்ய வேண்டும். எழுதிக் கொடுத்தது சிக்கலானதல்ல. செய்யக்கூடியதை எல்லாம் யோசித்துப் பார். ஒவ்வொன்றும் சில முறைகளுக்குப் பிறகு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்து அதற்கு மார்க் போடு. தலைநகர் விழுந்தால் வேறு கணக்கே வேண்டாம், ஆயிரம். மார்க் அதிகமானதைச் செய். இரண்டு வழிக்கும் ஒரே மார்க் என்றால், குறைவான சிப்பாய்கள் சாகிற வழியில் போ. இந்தக் கடைசி வரியைச் சேர்த்த நாளில் அவள் அதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள். தன் ஆட்களை வீணாகச் சாகவிடாத எதிரி வேறு எந்த ஆட்டத்தில் இருக்கிறது?

கறுப்புப் பொத்தான்கள் தலைநகரைச் சுற்றி வளைத்தன.

"உள்ள வாயேன். சுவர்தான் இடிஞ்சு கிடக்கே," என்றாள் அண்ணி.

"வரலாம் அண்ணி. வந்தா ஜெயிச்சிடுவேன். ஆனா ரெண்டு பொத்தான் போயிடும்."

"போகட்டுமே. டப்பா நிறைய இருக்கு."

"இந்த முறை அம்பு விட்டு உங்க ஆளைக் குறைச்சுட்டு, அடுத்த முறை வந்தா ஒண்ணுதான் போகும். அப்பவும் ஜெயிப்பேன். இதுக்கும் ஆயிரம், அதுக்கும் ஆயிரம். அதனால அம்பு."

அம்பில் ஒரு வெள்ளைப் பொத்தான் போனது. அண்ணி அலட்டிக்கொள்ளாமல் டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தாள். தலைநகரில் முறைக்கு ஒரு காவலன் புதிதாகச் சேரலாம் என்பது ஆட்டத்தின் விதி; எதிராளி அப்படிச் சேர்க்கப்போவதைக் கணினி முன்கூட்டிக் கணக்கில் எடுப்பதில்லை.

"இப்ப வா."

"இப்ப வந்தா ரெண்டு போகும். அடுத்த முறை வந்தா ஒண்ணு. ரெண்டுக்கும் ஆயிரம். அதனால..."

அவள் கையில் பொத்தானோடு அப்படியே நின்றாள்.

"என்னடி, நீயும் சிலையாயிட்டியா?"

"அண்ணி, நான் எப்ப வேணும்னாலும் ஜெயிக்கலாம். அதனாலதான் இப்ப ஜெயிக்க மாட்டேங்கறேன்."

"நல்லா இருக்கே கதை. நாளைக்குப் பண்ணிக்கலாம்னு உங்க அண்ணன் சொல்றது மாதிரி."

"சோம்பேறித்தனம் இல்ல அண்ணி. நாளைக்குப் பண்ணா நஷ்டம்னு யாரும் அதுகிட்ட சொல்லல. நான் சொல்லல."

சின்னக் கோட்டைகளின் விஷயமும் அதே மூச்சில் புரிந்தது. கோட்டை கைக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து பொன் வரும். சீக்கிரம் பிடித்தால் அதிகப் பொன், தாமதித்தால் குறைவு. அதனால் அங்கே அவசரம் தானாகவே கணக்குக்குள் வந்துவிட்டது. தலைநகர் விழுந்தாலோ ஆட்டமே முடிந்தது; அதற்குப் பிறகு வருவதற்கு ஒன்றும் இல்லை. இன்று விழுந்தாலும் ஆயிரம், நான்கு முறை கழித்து விழுந்தாலும் அதே ஆயிரம். அதிக தூரம் யோசிக்க வைத்தபோது அது ஏன் இன்னும் நிம்மதியாக நின்றது என்பதும் விளங்கியது. தள்ளிப்போட அதற்கு இன்னும் நிறைய முறைகள் கண்ணில் பட்டிருக்கின்றன.

பொத்தான்களை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினாள். தட்டச்சு செய்ய ஒரு மூச்சு நேரம்தான் ஆனது, அவ்வளவுதான் வேலை. சிப்பாய்களின் எண்ணிக்கையைப் பழையபடி சமமாக்கினாள். இழப்பைக் குறைக்கும் வரியில் கை வைக்கவே இல்லை.

"ஓட்டை அண்ணா, ஆடுங்க."

ஓட்டை சலிப்போடு உட்கார்ந்தான். வழக்கம்போலத் தலைநகரைத் திறந்து விட்டான். வழக்கம்போலக் கணினி வந்து வளைத்தது. அவன் முறையை முடித்துவிட்டு, ஆள் சேர்க்கிற மூலையைத் தேடி வரைபடத்தை நகர்த்தினான். மூலை திரைக்கு வருவதற்குள் கணினி உடைப்பின் வழியாக உள்ளே நுழைந்துவிட்டது. தலைநகரில் கொடி மாறியது.

ஓட்டை நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்தான். "இரு, நான் ரெடியாகல," என்று மறுபடி ஆடினான். இந்த முறை கவனமாக, ஒரு காவலனைக்கூட வெளியே அனுப்பாமல் ஆடினான். இருட்டுவதற்குள் எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆனால் தோற்கத்தான் தோற்றான்.

"முதுகுல அடிக்க விடமாட்டேங்குது," என்றான் புகார் சொல்வது போல. "இப்ப நிஜமாவே ஆடித்தான் ஜெயிக்கணும் போல."

அண்ணன் பின்னால் நின்று இரண்டு ஆட்டத்தையும் பார்த்திருந்தான். கணினிக்கு எத்தனை சிப்பாய் என்று எண்ணிக்கையைத் திறந்து சரிபார்த்தான். இரண்டு பக்கமும் சமம்.

"சரி. திங்கட்கிழமை கணினியோடவே போகட்டும்," என்றான். "அப்படி என்னதான் மாத்தினே?"

"வெற்றிக்கு ஆயிரம்னு வெச்சிருந்தேன். இப்ப, எத்தனை முறை தள்ளிப்போகுதோ அத்தனை மார்க் அதுல கழிச்சுடுது. இந்த முறையே ஜெயிச்சா முழு ஆயிரம், அடுத்த முறைன்னா ஒண்ணு கம்மி. ரெண்டும் ஒண்ணில்லன்னு ஆயிடுச்சு, அதனால உள்ள போயிடுது."