குறுக்குக் காற்று

ராதோய்காவின் தாடை நுனியில் சற்று நேரமாகத் தயங்கிக்கொண்டிருந்த வியர்வைத் துளி கடைசியில் கழன்று விதோமிரின் நெற்றியில் விழுந்தது. அவர் சமையலறைத் தரையில் பாய் விரித்து மல்லாந்து கிடந்தார். முழங்கால்கள் மடங்கியிருந்தன. இடுப்பு மட்டும் ஒரு ரொட்டித் துண்டின் கனத்துக்கு மேலே எழும்பி நடுங்கிக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்துப் பெண் டுன்யா சொல்லிக் கொடுத்த பயிற்சி. பாலம் என்று பெயர். விதோமிர் கட்டிய பாலத்துக்கு அடியில் எறும்புகூடக் குனிந்துதான் போகவேண்டும்.

"விடாத மனுஷா, பிடி... இன்னும் கொஞ்சம்," என்றாள் ராதோய்கா. பக்கத்தில் முட்டிபோட்டு, ஒரு கையை அவர் இடுப்புக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்திருந்தாள். மறு கையில் ரொட்டி வெட்டும் பலகை. அதனால்தான் தன் கழுத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் மாதம். நீஷ் நகரத்துத் தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஊரே பால்கனியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்க, இந்த வீட்டில் மட்டும் ஜன்னல் அத்தனையும் சாத்தியிருந்தன. வாசல் கதவின் அடியிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தது. சாவித் துவாரத்தில் பஞ்சு. அந்தப் பஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் விதோமிருக்கு இடுப்பில் அல்ல, வேறெங்கோ வலித்தது.

கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ராதோய்கா ஐம்பதைத் தாண்டிய நாளிலிருந்து அவள் உடம்புக்குள் யாரோ வேளைகெட்ட வேளையில் அடுப்பு மூட்டினார்கள். திடீரென்று கழுத்து சிவக்கும், நெஞ்சு கொதிக்கும், ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பாள். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சமையலறை ஜன்னலும் எதிரே பால்கனிக் கதவும் அப்படித்தான் திறந்து கிடந்தன. விதோமிர் வெளியே போய்விட்டு வந்து, இரண்டுக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது பாதிதான் எழுந்தார். மீதி பாதி எழவில்லை.

குறுக்குக் காற்று என்றால் என்னவென்று இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். பல்வலி, காதடைப்பு, வாய் கோணுவது, கழுத்து பிடிப்பது எல்லாம் அதன் கைவேலை. பேருந்துக்குள் வெந்து செத்தாலும் இரண்டு பக்க ஜன்னலையும் சேர்த்துத் திறக்க யாரும் விடமாட்டார்கள். விதோமிரே நகரப் பேருந்து ஓட்டுநர். காற்றுக்கு ஆசைப்பட்ட எத்தனையோ பயணிகளைக் கண்ணாடி வழியாக முறைத்தே ஜன்னலைச் சாத்த வைத்தவர்.

"ஐயோ, என் ஜன்னல்! நான்தான் உன்னப் படுக்க வச்சுட்டேன்!" என்று ராதோய்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

விதோமிர் பொய் சொல்லவில்லை. "ம்" என்றார். வலியில் துடிக்கிற மனிதன் "ம்" என்பது ஒரு குற்றமா? அன்றைக்கு இல்லை. ஆனால் அந்த "ம்" வீட்டில் தங்கிவிட்டது. விருந்தாளியாக வந்து, சாப்பாட்டு மேசையில் இடம் பிடித்து, படுக்கையில் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

நடந்தது வேறு. அன்று காலை எதிர்க் கட்டிடத்து நெவென்காவுக்குப் புதுத் துணி துவைக்கும் மெஷின் வந்திருந்தது. நெவென்கா புருஷனை இழந்தவள், மகன் வியன்னாவில். லிஃப்ட் பழுது. வண்டியில் வந்தவன் ஒற்றை ஆள், இன்னொருத்தர் பிடிக்காவிட்டால் நடைபாதையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவேன் என்றான். சிகரெட் வாங்கப் போன விதோமிர் பிடித்தார். அதுவும் பாரமெல்லாம் இறங்குகிற கீழ்ப்பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பிடித்தார். மேல்படியில் நெவென்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்வதற்கில்லை. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் உள்ளே ஏதோ "டக்" என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது மாடி வரை போனார். காப்பியும், ஒரு கரண்டி சீமை மாதுளைப் பாகும், குளிர்ந்த தண்ணீரும் கிடைத்தன. "இந்தத் தெருவுல ஆம்பளைன்னு ஒருத்தராவது மிச்சம் இருக்கீங்களே," என்றாள் நெவென்கா. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தரைத்தள ஜன்னலில் முழங்கைக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருக்கும் ஸ்தமெனா அக்கா சும்மா விட்டிருப்பாளா? பாவம், அன்றைக்கென்று பார்த்து அக்கா தன் தங்கச்சி வீட்டு விருந்துக்கு வெளியூர் போயிருந்தாள். அவள் வாழ்நாளில் தவறவிட்ட ஒரே சனிக்கிழமை.

விதோமிரை அரித்தது நெவென்காவின் பாகு அல்ல, அலமாரி. படுக்கையறையில் பாதி ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு அலமாரி நிற்கிறது. அதை எதிர்ச் சுவருக்குத் தள்ளினால் படுக்கைக்குக் காற்று வரும் என்று ராதோய்கா பல கோடைகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் இடுப்பப் பத்தி உனக்குத் தெரியாதா?" என்பார் விதோமிர். அந்தக் கோடைகளிலெல்லாம் அவர் இடுப்பு இரும்பு மாதிரி இருந்தது.

இப்போது நிஜமாகவே போய்விட்டது. முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டியாயிற்று, பிளம் சாராயம் தேய்த்தாயிற்று, நாய்முடியில் நெய்த இடுப்புப் பட்டை சுற்றியாயிற்று. பிறகுதான் சுகாதார நிலையம். டுன்யா மின்சாரப் பட்டைகளை ஒட்டினாள், உருட்டினாள், புரட்டினாள். கெண்டைக்கால் வரை இறங்கியிருந்த வலி முழங்காலுக்கு ஏறியதும் "நல்ல அறிகுறி" என்றாள். அன்று மாலையே விதோமிர் ஒரு தும்மல் தும்மினார். நல்ல அறிகுறி மறுபடி கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது. ஒருநாள் தானே குனிந்து ஒரு காலுறையைப் போட்டுக்கொண்டார். ராதோய்கா சந்தோஷத்தில் தன் அக்காவுக்குப் போன் செய்தாள். மறுநாள் அந்தக் கால் ஏதோ அடுத்த ஊரில் இருப்பது போலத் தூரமாகிவிட்டது. ராதோய்கா முட்டிபோட்டுக் காலுறையை மாட்டிவிட்டாள். அவள் உச்சி வகிட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றதை விதோமிர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் குணமாகிவிடுமோ என்று முதல் தடவையாக அன்றுதான் தோன்றியது. சொன்னால் காலுறை மாட்ட ஆள் இருக்காதோ என்று அடுத்த நொடியே தோன்றியது.

போன வாரம் டுன்யா கேட்டாள்: "முன்னேற்றம் மெதுவா இருக்குங்க. எப்படி ஆரம்பிச்சுதுன்னு மறுபடி சொல்லுங்க. எதையாவது தூக்குனீங்களா?"

விதோமிர் வாயைத் திறப்பதற்குள் ராதோய்கா முந்திக்கொண்டாள். "இவரா? வீட்ல ஒரு நாற்காலிய நகர்த்த மாட்டாரும்மா. தப்பு என்னோடது. ஜன்னலத் திறந்து போட்டேன்."

"காத்துல முதுகெலும்புத் தட்டு பிதுங்காதும்மா," என்று டுன்யா சிரித்தாள். "பாரம் தூக்குனா பிதுங்கும். வருஷக்கணக்கா உக்காந்து வண்டி ஓட்டுனா பிதுங்கும். நீங்க தாராளமா ஜன்னலத் திறந்து வைங்க. உங்களுக்கும் அது தேவைதானே?"

விதோமிருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு லேசாயிற்று. தான் வாயே திறக்காமல் பெண்டாட்டிக்கு விடுதலை கிடைத்துவிட்டதே! ஆனால் அவர்கள் கிளம்பி அறைக் கதவைத் திறந்ததும், டுன்யா யோசிக்காமல் கையை நீட்டித் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைச் சாத்தினாள். ராதோய்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"சின்னப் பொண்ணு. நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொல்லுது," என்றாள் படியிறங்கும்போது.

வீடு திரும்பியபோது தரைத்தளத்தில் ஸ்தமெனா அக்கா தலையணையோடு காத்திருந்து விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். "காத்து இல்லியாமா? அப்ப எங்கப்பாவுக்கு வாய் கோணுனது எதுனால, பாட்டுப் பாடியா? பாவம்டி உன் புருஷன். நீ ஜன்னலுக்கு ஆணி அடிச்சிரு."

ராதோய்கா ஆணி அடிக்கவில்லை. அன்று மாலை சாவித் துவாரத்தில் பஞ்சு வைத்தாள். தன்னால் ஒரு மனிதன் தரையில் கிடக்கிறான் என்று நம்புகிறவளிடம் டாக்டரே வந்து சொன்னாலும் பலிக்காது என்று விதோமிருக்குப் புரிந்தது. அவளை விடுவிக்கிற சாவி ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் பாயில் படுத்துப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்றைய பாலம் முடிந்ததும் ராதோய்கா சந்தைக்குக் கிளம்பினாள். சிவப்புக் குடைமிளகாய் இறங்கிவிட்டது. குளிர்காலத்துக்குச் சுட்டு அரைத்து வைக்க மூட்டையாக வாங்கியாக வேண்டும். மற்ற வருஷங்களில் மூட்டையை விதோமிர் சுமப்பார். சுமந்தேன் என்று ஜனவரி மாதம் வரை சொல்லிக்காட்டவும் செய்வார். இந்த வருஷம் படிக்கட்டில் மூட்டை தேய்கிற சத்தம் கேட்டது. நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி தேயும். கூடவே இன்னொரு பெண் குரல்.

கதவு திறந்தது. மூட்டையின் ஒரு காதை ராதோய்காவும் மறு காதை நெவென்காவும் பிடித்திருந்தார்கள்.

"கீழ பார்த்தேன், தனியா இழுத்துட்டு வந்தா. மனசு கேக்கல," என்றாள் நெவென்கா. பாயில் கிடந்த விதோமிரைப் பார்த்தாள். "ஏதோ முடியலன்னு கேள்விப்பட்டேன். இவ்வளவு நாளாவா?"

"ஜூன்லருந்து," என்றாள் ராதோய்கா. அவசரமாகக் கதவைச் சாத்தித் துண்டைக் காலால் இடுக்கில் தள்ளினாள். "குறுக்குக் காத்து. எல்லாம் என் புத்திகெட்ட வேலை. உக்காரு, காப்பி போடறேன்."

நெவென்கா உட்காரவில்லை. துண்டைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், ராதோய்காவின் முதுகோடு ஒட்டிப்போயிருந்த ரவிக்கையைப் பார்த்தாள். பிறகு விதோமிரைப் பார்த்து, "காத்தா?" என்றாள்.

விதோமிர் கூரையைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் நன்றாகப் பார்த்தார்.

"காப்பி இன்னொரு நாளைக்கு," என்றாள் நெவென்கா. "மெஷின்ல துணி போட்டுட்டு வந்தேன். முடிஞ்சிருக்கும்." படியிறங்கும் அவள் செருப்புச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

ராதோய்காவுக்கு அடுப்பு மூண்டுகொண்டது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காது மடல் வரை போயிற்று. வழக்கம்போல ஜன்னல் பக்கம் இரண்டடி வைத்தவள், நினைவு வந்து நின்றாள். திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிர்க் கிண்ணத்துக்கும் சீஸ் டப்பாவுக்கும் நடுவே முகத்தை நுழைத்துக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உள்ளே எரிந்த விளக்கில் அவள் ஈரமான பின்கழுத்து மட்டும் தெரிந்தது. உப்புத் திருடப் போய் மாட்டிக்கொண்ட ஆட்டைப்போல நின்றாள், சொந்த வீட்டில்.

விதோமிர் டுன்யா சொன்னபடி ஒருக்களித்தார், கையை ஊன்றினார், எழுந்தார். கெண்டைக்கால் வரை தீ ஓடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பால்கனிக் கதவைத் திறந்தார். பிறகு சமையலறை ஜன்னலின் கொக்கியை நெம்பினார். மரம் உப்பிப்போய் இறுகியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளியதும் விட்டது. படாரென்று படுக்கையறைக் கதவு அறைந்துகொண்டது.

"மனுஷா, பைத்தியமா உனக்கு!" ராதோய்கா ஃப்ரிட்ஜிலிருந்து தலையை உருவினாள். "சாத்து! செத்துப்போவ!"

அவர் நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நேர் நடுவில் போட்டு உட்கார்ந்தார். சட்டையை முதுகுக்கு மேலே தூக்கிக்கொண்டார். வியர்த்த வெற்று முதுகில் காற்று பட்டது.

"காத்து இல்ல, ராதோய்."

"அந்தப் பொண்ணு பேச்சக் கேட்டுட்டு—"

"அவ பேச்சு இல்ல. என் பேச்சு. மெஷினத் தூக்கினேன். துணி துவைக்கிற மெஷின். கீழ்ப்பக்கம் நான் பிடிச்சிருந்தேன்."

ராதோய்கா ரொட்டிப் பலகையைக் கையில் எடுத்தவள் விசிறாமல் நின்றாள். குளியலறைப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம மெஷினையா? எப்ப நகர்த்துன?" என்றாள்.

பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவர் ஜன்னலைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடி பால்கனியில், நெவென்கா ஈரப் போர்வைகளை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் காற்றில் வயிறு உப்பி எழுந்து தணிந்தது.

ராதோய்கா ஜன்னலைச் சாத்தவில்லை. அவள் கழுத்தில் ஒட்டியிருந்த முடி ஒவ்வொரு இழையாகக் காய்ந்து பறக்க ஆரம்பித்தது. போர்வைகளிலிருந்து கண்ணை எடுத்து, மெதுவாகத் திரும்பி, உள்ளே பார்த்தாள். அறைந்த கதவு மறுபடி விலகியிருந்தது. படுக்கையறையில், பாதி ஜன்னலை மறைத்து நின்ற அலமாரியின் ஒற்றைக் கதவு காற்றில் தானாகத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.