மைக்கில் ஏறிய தலைவலி

டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதும் தீபலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தலைவலிக்குன்னு நீங்க போடுற மாத்திரையே இப்ப உங்களுக்குத் தலைவலி குடுக்குதும்மா" என்றால் யாருக்குத்தான் வராது?

தட்டாஞ்சாவடியில் அவள் சின்னதாக ஒரு சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறாள். ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்குவதும் வண்டி ஓட்டுவதும் புருஷன் செம்மல். சவுண்டை ஏற்றி இறக்குகிற மிக்சரில் உட்காருவது அவள். காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, முடியும்போது கழுத்து கட்டையாகிவிடும். யாரோ நெற்றியில் துண்டைக் கட்டி முறுக்குகிற மாதிரி இறுகும். கடையில் வாங்கின வலி மாத்திரை ஒன்று போட்டால் விட்டுவிடும். அப்படி எப்போதாவது போட்டது தினமும் என்றாகி, இப்போது பல் விளக்குவதற்கு முன்னாலேயே வலி வந்து உட்கார்ந்திருக்கிறது.

கதிர்காமத்து டாக்டரம்மா அந்த வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, ராத்திரிக்கு மட்டும் சின்னதாக வேறொன்று எழுதிக் கொடுத்தார். "இது அன்னன்னிக்கு வலிய எடுக்காது. கேக்குறதுக்குச் சில வாரம் ஆகும். சீக்கிரம் கேக்கட்டும்னு ரெண்டா போடாதீங்க. அடுத்தவங்க மாத்திரையத் தொடாதீங்க. தூக்கக் கலக்கம் இருக்கும், வண்டி எடுக்காதீங்க. பழச நிறுத்துன புதுசுல வலி கூடத்தான் செய்யும், பத்து நாள் பல்லக் கடிச்சுக்குங்க. நடுவுல போட ஆரம்பிச்சீங்கன்னா மறுபடி மொதல்லேர்ந்துதான். திடீர்னு இடி விழுந்த மாதிரி வலிச்சாலோ பார்வை மங்குனாலோ மட்டும் உடனே ஓடி வாங்க."

அந்தப் பத்து நாளுக்குள்தானா அத்தை மகள் இனியாவின் வரவேற்பு வர வேண்டும்! மூலக்குளத்தில் மண்டபம். சவுண்டை வேறு ஆளுக்குக் கொடுத்தால் அத்தை மணியம்மாள் ஜென்மத்துக்கும் பேச மாட்டாள்.

"மொகம் ஏண்டி சுண்டிப் போயிருக்கு?" என்றாள் அத்தை.

"தலவலி அத்த."

கல்யாண மண்டபத்தில் சொல்லவே கூடாத வார்த்தை அது. சுற்றியிருந்த அத்தனை ஹேண்ட்பேக்கும் சர்ரென்று திறந்தன.

"இந்தா, என் மூட்டுவலிக்கு எழுதுனது. தலைக்கும் கேக்கும்."

"இது எங்க ஊட்டுக்காரரு பிரஷர் மாத்திர. பிரஷராலதானே தலையே வலிக்குது?"

தீபலட்சுமி எல்லோருக்கும் கும்பிடு போட்டாள். அத்தை மட்டும் நகரவில்லை. தங்கத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "இது பிரான்ஸ் மாத்திரடி. எங் கொழுந்தனாரு கொண்டாந்தது. உங்க டாக்டரு நம்ம ஊரு மாத்திரையத்தானே வாணாம்னாங்க?"

மண்டை பிளக்கும்போது அந்த வாதம் எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது! டாக்டரம்மா பிரான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. மாத்திரை உள்ளங்கைக்கு வந்தது. தண்ணீரும் வந்தது. கை வாய்க்குப் போனது.

அந்த நேரம் பார்த்து அந்தக் கொழுந்தனார் கிருஷ்ணசாமி, மேடையில் "மெர்சி, மெர்சி" என்று எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவர், உற்சாகம் தாங்காமல் மைக்கோடு இறங்கி நேராக பாக்ஸ் முன்னால் போய் நின்றார்.

ஊய்ய்ய்ய்ங்!

குழந்தைகள் காதைப் பொத்தின. பின்னாலிருந்து ஒருவர், "பேச்சு கேக்கல, சவுண்ட ஏத்து!" என்று கத்தினார். தீபலட்சுமி மாத்திரையை மேசையில் போட்டுவிட்டு, கிருஷ்ணசாமியின் மைக் வால்யூமைச் சர்ரென்று இறக்கினாள். தன் டெஸ்டிங் மைக்கை ஆன் செய்து, "மாமா, பின்னால போங்க! பாக்ஸுக்கு முன்னால நிக்காதீங்க!" என்று கத்திவிட்டு அதைக் கீழே வைத்தாள். ஊளை அடங்கியது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி, பைத்தியமா?"

"அத்த, இங்க என்ன நடந்துச்சு? மைக்கு கேட்டத பாக்ஸ் கத்துது. மாமா கிட்டப் போனாரா, பாக்ஸ் கத்துனத மைக்கு திரும்பக் கேக்குது. அத பாக்ஸ் இன்னும் பெருசாக் கத்துது. சுத்திச் சுத்தி ஊளையாயிடுச்சு. அந்தாளு ஏத்துன்னாரு, ஏத்தியிருந்தா பாக்ஸே கிழிஞ்சிருக்கும். எம் மண்டையும் அப்படித்தான். வலிக்கு மாத்திர போட்டேன், மாத்திர எறங்குனதும் வலி, அந்த வலிக்கு இன்னொரு மாத்திர. எறக்கணும் அத்த, ஏத்தக்கூடாது. ராத்திரி மாத்திர இருக்கே, அது வால்யூம மெதுவா எறக்குற கை."

"அது நம்ம ஊரு மாத்திரைக்குடி. இது பிரான்ஸு…"

"அட்டையப் படிச்சுப் பாரு. பாராசிட்டமால். நான் தெனம் போட்டதும் அதேதான். ஏரோப்ளேன்ல வந்தா வேற மருந்தாயிடுமா? அந்தக்கா தன் புருஷனோட பிரஷர் மாத்திரைய நீட்டுது. அதப் போட்டு நான் மயங்கி இந்த மிக்சர் மேல விழுந்தா யாரு தூக்குறது?"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் பார்த்தாள். டெஸ்டிங் மைக் இன்னும் ஆனில் இருந்தது.

இரண்டாவது வரிசையில் ஒரு மனிதர் எழுந்தார். "ஏண்டி, எம் பிரஷர் மாத்திரைய எவ எவளுக்குக் குடுத்த?" மாலையைப் பிடித்துக்கொண்டு இனியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கிருஷ்ணசாமி தன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். தீபலட்சுமி வால்யூமை ஏற்றியதும், "நானே தெனம் ரெண்டு போடுறேனேம்மா! அந்த டாக்டரம்மா எப்ப பாப்பாங்க?" என்றார்.

அவளுடைய வலி ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாத்திரை போட மண்டபம் அவளை விடவில்லை. கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டால், "ஏய் தீபா, என்ன எடுக்குற?" என்று நாலு பக்கமும் குரல் வந்தது. கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து உதறிக் காட்டினாள். அத்தை பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தோள எதுக்குடி காதுவரைக்கும் தூக்கி வச்சிருக்க? எறக்கு" என்று கட்டைவிரலால் கழுத்தை அமுக்கிவிட்டாள். அது சுகமாகத்தான் இருந்தது.

செம்மல் பாக்ஸ்களை வண்டியில் ஏற்றினான். ராத்திரி மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வாய் காய்கிறது. வாசலில் வந்தவர்களுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"வெள்ளையா என்னமோ போட்டா!" என்றாள் ஒருத்தி.

ஐந்தாறு பேர் வண்டியை மறித்துக்கொண்டார்கள். அத்தை முன்னால் வந்தாள். "வாயத் தொறடி."

தீபலட்சுமி நாக்கை நீட்டினாள். அத்தை குனிந்து பார்த்தாள். நம்பிக்கை வராமல் கல்கண்டை இரண்டு விரலால் எடுத்துத் தன் வாயில் போட்டுப் பார்த்தாள்.

"இனிக்குது. போயிட்டு வா" என்றாள்.