ஒரு சொல்லும் விடாமல்

காணாமல் போனோர் பற்றிய விசாரணை வேலணையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து விசாரிக்க வந்த ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. சனத்துக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நான், மொழிபெயர்ப்பாளர் பிரியவதனி. சம்பளம் முழுசு, துணிவு அரைவாசி.

பின்வரிசையில் ரீசேட் போட்ட ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்தபடி இருந்தார். அவரை எனக்குத் தெரியும், புலனாய்வுக்காரர். போன கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று, என் மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனவர். அன்றிலிருந்து பிள்ளையை நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டி வருகிறேன்.

அடுத்ததாக, புங்குடுதீவிலிருந்து வந்த செபஸ்தியம்மா கதிரையில் அமர்ந்தார். மடியில் கருவாட்டுப் பை. நயினாதீவு விகாரைக்குப் போகிற தென்பகுதி யாத்திரிகர்களுக்குக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் கருவாடு விற்பவர். போர் முடிந்த அன்று மகன் டினேஷைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர்.

"எங்களைக் காப்பாத்தத்தான் சண்டை எண்டு ரேடியோவிலை சொன்னனியள். அதை நம்பித்தான் பிள்ளையைக் கொண்டந்து தந்தனான். இண்டைவரைக்கும் ஆளில்லை. அப்ப அந்தச் சண்டை உண்மையிலை என்னத்துக்கு? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கோ."

கைபேசி என் பக்கம் திரும்பியது. மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைதான் கண்ணுக்குள் நின்றது.

"மகனைக் காணவில்லையாம். உதவி கேட்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

ஐயா எழுதிக்கொண்டார். செபஸ்தியம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரே பேசத் தொடங்கினார், சிங்களத்தில். கருவாடு விற்கிற சிங்களம்தான். ஆனால் அதே கேள்வி, ஒன்றும் குறையவில்லை. இத்தனை வருடம் அந்தத் துறையில் அவர் யாரோடு, எந்த மொழியில் விலை பேசியிருப்பார் என்று மடைச்சி நான் யோசிக்கவேயில்லை.

ஐயா பேனையை வைத்தார். "முதலும் இதைத்தான் கேட்டாரா?" என்று என்னிடம் கேட்டார்.

வேலை போகும் என்பது இரண்டாவது பயம். முதலாவது, பின்வரிசையில் இருந்தது.

செபஸ்தியம்மா முந்திக்கொண்டார். "இல்லை மாத்தயா, முன்னம் நான் உதவிதான் கேட்டேன். இந்தப் பிள்ளை சரியாகத்தான் சொன்னது."

உண்மை கேட்டு வந்தவர் எனக்காகப் பொய் சொன்னார். வெட்கங்கெட்ட நான் ஆமென்று தலையாட்டினேன்.

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். "யுத்தம் மக்களைக் காப்பாற்றுவதற்காகவே நடந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை." பிறகு என் பக்கம் திரும்பி, "பதிவுக்காகத் தமிழிலும் சொல்லிவிடுங்கள்" என்றார்.

கைபேசி இன்னும் என்மேல்தான் இருந்தது. செபஸ்தியம்மாவின் முகத்தைப் பார்க்காமல், ஐயா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.